சனிக்கிழமை பிறந்த கொபினா

மீன் சீவும் கத்தியால் தம்பியின் மூக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் அராபா. காகிதம் அவ்வளவு லேசில் வருவதாக இல்லை. செகண்டி துறைமுகச் சுவரில் அந்த இரங்கல் சுவரொட்டியை அண்டா அண்டாவாகப் பசை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரமாக இதே கூத்து. அவர்கள் ஒட்டுவார்கள், இவள் உரிப்பாள். இதோடு நானூறு என்பது அவள் கணக்கு. நாற்பது என்று வைத்துக்கொண்டாலும் சாமானியமில்லை.

"இன்னிக்கு அடக்கம். இன்னிக்குமா அத்தை?" பின்னால் ஏகோ வந்து நின்றான். செத்துப்போன தம்பி கொபினாவின் மகன். அவன் அம்மா பெல்ஜியக்காரி. கறுப்புக் கோட்டு, கழுத்தில் சிவப்புத் துணி, நெற்றியில் ஆறாக வியர்வை.

"உங்கப்பன் வயசு என்ன? நீயே உன் வாயால சொல்லு."

"அறுபத்திரண்டு."

"எனக்கு?"

ஏகோ கடலைப் பார்த்தான்.

"எழுபதுடா! அவனுக்குக் கால் மணி நேரம் முன்னாடி பொறந்தவ நான். ஒரே வயித்துல, ஒரே பாய்ல. கால் மணி நேரத்துக்குள்ள எட்டு வருசம் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது என்பது செகண்டியில் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். இருபத்தைந்து வயதில் கொபினா பந்தை உதைத்தால் வலை கிழியும், வலைக்குப் பின்னால் கட்டிய கோழி சாகும் என்பார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த தரகன் அதைப் பார்த்துவிட்டு, "பதினேழு வயசுன்னா உடனே கூட்டிட்டுப் போறேன்" என்றான். அன்று சாயங்காலமே கொபினாவுக்குப் பதினேழு ஆயிற்று. அந்தப் பதினேழு வயதுப் பையன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சவரம் செய்துகொண்டுதான் விமானம் ஏறினான்.

இடைஞ்சலாக இருந்தது அராபாவின் முகம். அதே அகன்ற நெற்றி, அதே முன்பல் இடைவெளி. "இது யாரு?" என்று தரகன் கேட்டபோது, "பையனோட சின்னம்மா" என்றார் குடும்பத் தலைவர் குவாமெனா மாமா. அன்று முதல் அவள் சின்னம்மா. பத்திரிகைக்காரன் வந்தால் அவளைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். கொபினா விடுமுறைக்கு வந்து இறங்கியதும், ஊர் கூடியிருக்க, கூசாமல் "நல்லா இருக்கியா சின்னம்மா?" என்பான். கதவைச் சாத்திய பிறகுதான் அக்கா. நாற்பத்தைந்து வருடம்.

"அவன் பொழப்புக்காகச் சொன்னான், பொறுத்துக்கிட்டேன்" என்றாள் அராபா. "ஆட்டத்தை விட்டு முப்பது வருசம் ஆச்சு. இப்ப செத்தும் போயிட்டான். இனி எந்தக் கோச்சு அவனைப் பெஞ்சுல உக்கார வைப்பான்? போஸ்டர்ல என்னை எங்கடா போட்டிருக்க? கடைசி வரியில. சின்னம்மா!"

"அத்தை, அந்தப் பெல்ஜியம் கிளப்லயே ரொம்பச் சின்ன வயசுல கோல் போட்டவர் அப்பாதான். பதினேழு வயசு. இன்னும் யாராலயும் முறியடிக்க முடியல. ஸ்டேடியம் வாசலுக்கு அவர் பேரை வைக்கப் போறாங்க. அதுக்குன்னே ஆள் வந்திருக்கு."

"வாசலுக்குப் பேர் வைக்க அக்காவை அழிக்கணுமா? நீ உங்கம்மா வீட்டுப் பிள்ளை. எங்க வழக்கத்துல எல்லாம் அம்மா வழிதான், பிணம் எங்க வீட்டுது."

"குவாமெனா தாத்தாதான் சரின்னு சொன்னாரு."

உடலைக் கிடத்தியிருந்த சவச்சாலைக்கு வெளியே பந்தலில் குவாமெனா மாமா கறுப்புத் துணி போர்த்தி, தொண்ணூற்றிரண்டு வயதின் கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தார். அராபா வெள்ளைத் துணியில் வருவதைக் கண்டதும் அவர் முகம் சுண்டியது. அந்த ஊர்ச் சாவில் எழுபதைத் தொட்டுப் போனவனுக்குத்தான் வெள்ளை. அறுபத்திரண்டில் போனால் கறுப்பும் சிவப்பும்.

"ஊரே கறுப்பு கட்டியிருக்கு. நீ மட்டும் கல்யாணத்துக்கா வந்த?"

அராபா உரித்த காகிதத்தை அவர் மடியில் போட்டாள். "படிங்க மாமா. பொறந்த தேதின்னு போட்டிருக்கு, அறுபத்தொண்ணு ஜனவரி பதினாலு. அன்னிக்கு என்ன கிழமை?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை. சர்ச்சுல பழைய காலண்டர் பாத்துட்டுத்தான் வரேன். பொறந்த கிழமைதானே நமக்குப் பேரு? சனிக்கிழமை பொறந்தா உங்களை மாதிரி குவாமெனா. செவ்வாய்க்கிழமை பொறந்தாத்தான் கொபினா. செவ்வாய்க்கிழமைப் பேரோட சனிக்கிழமை பொறந்த ஒரே ஆம்பளை இவன்தான்! சாராயம் ஊத்தி முன்னோரைக் கூப்பிடுவீங்களே, எந்தக் கிழமைக்காரனைக் கூட்டிட்டுப் போகச் சொல்வீங்க? உங்களைக் கூட்டிட்டுப் போயிடப் போறாங்க."

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றினார்கள். மாமா கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "வந்தவங்க போகட்டும். அப்புறம் பேசலாம்."

"அப்புறம் மண்ணுக்குள்ள போய்ப் பேசுவோமா?"

அவள் உள்ளே நுழைந்தாள்.

பித்தளைக் கட்டிலில் பழைய ஒன்பதாம் எண் சட்டையோடு கொபினா படுத்திருந்தான். அவளுக்கு ஒரு கணம் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றிருந்தது. பதினைந்து வருடமாகப் பஞ்சாக வெளுத்திருந்த தலையில் ஏதோ மையைக் குழைத்துத் தீற்றியிருந்தார்கள். புருவம்கூடக் காக்காய் நிறம்.

கால்மாட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கொபினாவோடு ஆடிய பழைய கோல்கீப்பர், கிளப் அனுப்பிய, கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினேழு என்ற எண் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு, தங்க நிறத்தில்.

"அத்தை, வேணாம்." ஏகோ அவள் கையைப் பிடித்தான்.

"விடு."

விட்டான்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தலைக்குப் பூசும் எண்ணெய்க் குப்பியை எடுத்து, தன் வெள்ளைத் துணியின் முனையை நனைத்து, தம்பியின் காதோரம் தேய்த்தாள். மெதுவாக அல்ல. வாணலிக் கரியைத் தேய்ப்பதுபோல. அவன் தலை ஆடியது. மை வந்தது. அதன் கீழே நரை வந்தது. "புருவத்தையுமாடா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவனைத்தான் கேட்டாள்.

கடைசியாக முகம் பார்க்க வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோல்கீப்பர் படுத்திருந்த முகத்தைப் பார்த்தார். அதன்மேல் குனிந்திருந்த அராபாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படுத்திருந்ததை.

வெள்ளைத் துணியின் முனை முழுக்கக் கறுப்பாகி, இனி தேய்த்தால் மையே திரும்ப ஒட்டும் என்றானது. அராபா சுத்தமான இடம் தேடித் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கிழவர் பத்திரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தரையில் சாய்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி, எண்ணெயில் நனைத்தாள். இன்னொரு காதுப் பக்கம் அப்படியேதான் இருந்தது.