இருக்கையின் நுனி

பெட்ரோல் பாதி டேங்க் இருக்கிறது, பேட்டரி வயரை இரண்டு தடவை இறுக்கியாயிற்று, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியாயிற்று, இன்னும் இந்தச் சனியனுக்கு என்னதான் வேண்டுமாம்... பிரேக்கை மிதித்துக்கொண்டு சுகிர்தா சாவியைத் திருப்பினாள், புல் வெட்டும் வண்டி வாயே திறக்கவில்லை, மறுபடி திருப்பினாள், ஊகூம். மணி ஒன்பதரை. பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து கிரிக்கெட் ஆட வந்துவிடுவார்கள், மைதானத்தில் முக்கால்வாசிப் புல் அப்படியே நிற்கிறது, வேப்பமர நிழலில் புது மேனேஜர் புருஷோத்தமன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். பத்துக்குள் கிளம்பாவிட்டால் நாளையிலிருந்து வண்டிக்கு வேறு ஆள், நீ பழையபடி துடைப்பத்தை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். மூன்று மாதமாக ஸ்டியரிங்கைப் பிடித்த கை, இனிமேல் குனிந்து சருகு கூட்டுமா? மாட்டவே மாட்டாள். ஆனால் மாட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது...

"இன்னாம்மா, இன்னும் ஆவலியா?"

"தோ ஆயிடும் சார்," என்றாள், எப்படி ஆகும் என்று அவளுக்கே தெரியாது. நேற்று வாலாஜாபாத்திலிருந்து வந்த மெக்கானிக் குமரேசன் அண்ணன் ஏறி உட்கார்ந்ததும் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டதே, வண்டி நல்லாத்தான் கீது தங்கச்சி, உன்னாண்டதான் பேஜார் பண்ணுது என்று சிரித்துவிட்டுப் போனாரே, சிரிப்பாம் சிரிப்பு. அவ்வளவு ஏன், இன்று காலை ஆறரைக்கு அவளிடமே சமர்த்தாகக் கிளம்பியது, தனியாக எட்டுச் சுற்று ஓட்டினாள், மேனேஜருடைய பைக் கேட்டில் நுழைந்ததும்தான் பொட்டென்று நின்றது. திங்கட்கிழமையும் அப்படித்தான், அவர் வேலையில் சேர்ந்த அன்று, அவர் பக்கத்தில் வந்ததும்... அவருக்கும் இஞ்சினுக்கும் அப்படி என்ன பகை? பைத்தியக்காரத்தனம். தொடை வேறு விண்விண்ணென்று தெறிக்கிறது, நாற்று நட்ட மாதிரி. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தொடை ஏன் வலிக்க வேண்டும்... சுகிர்தா குனிந்து தன்னையே பார்த்தாள். அவள் உட்காரவே இல்லை. சீட்டின் நுனியில் பேருக்கு ஒட்டிக்கொண்டு, பாரம் முழுவதையும் காலில் வைத்து, பாதி எழுந்த மாதிரி இருந்தாள்.

சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் கீது, ஆளு எயுந்தா இஞ்சின் ஆஃப் ஆயிடும், உழுந்துகிழுந்து வெச்சா பிளேடு காலக் கொதறிடக் கூடாது இல்ல, என்று முதல் நாளே குமரேசன் அண்ணன் சொல்லிக்கொடுத்தார், இவளும் மண்டையை ஆட்டினாள், ஆனால் எழுந்தது யார், அவள் எங்கே எழுந்தாள்? உடம்பு எழுந்திருக்கிறது, இவளைக் கேட்காமலே. அப்பா ஜான், மேல்சாதிக்காரர்களின் பெரிய தெருவுக்குள் போனால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போவார், ஒருகாலத்தில் இறங்குடா என்றவர்கள் இருந்தார்கள், அவர்கள் செத்து, அவர்கள் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகும் இறங்கினார், பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த இவளுக்கு மானம் போகும், ஏம்பா இறங்கறே என்று கத்துவாள், கத்தினவள்தானே இவள்... சுகிர்தா பின்னுக்கு நகர்ந்தாள். முதுகு சீட்டில் சாய்ந்தது. மேனேஜர் எதிரில் இப்படி உட்கார்வது இந்த வாரத்தில் முதல் தடவை. சாவியைத் திருப்பினாள், வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது, அடக் கடவுளே, கிளம்பிவிட்டது, சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல அப்படி ஒரு சந்தோஷம்.

பிளேடை இறக்கிப் புல்லுக்குள் விட்டாள். புருஷோத்தமன் நிழலை விட்டு நேராக அவளை நோக்கி நடந்து வந்தார், தொடைகள் தாமாக இறுகின, இஞ்சின் ஒருகணம் இருமியது, உட்காருடி, என்று தனக்கே சொல்லிக்கொண்டு அழுந்த உட்கார்ந்தாள். அவர் முன்னால் வந்து நின்றுவிட்டார். "இன்னா கோளாறு?"

"சீட்ல சரியா உக்காரல சார்." உட்கார்ந்தபடியே சொன்னாள். இப்போது ஏதாவது சொல்வார், முகம் மாறும்... "சரி சரி, சீக்கிரம் முடி," என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கினார், அவ்வளவுதான், அவள் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படக்கூட இல்லை. வெட்டிய புல்லின் பச்சை வாசனை எழுந்தது, நேர்க்கோடாகப் போய்க்கொண்டிருந்தாள், போகப்போக அந்த யோசனை விடவில்லை, அவர் எழச் சொல்லவில்லை, எழுந்ததையும் பார்த்திருக்க மாட்டார், அப்படியானால் இத்தனை நாளும் யாரைப் பார்த்து எழுந்துகொண்டிருந்தோம்...