நான் வைக்காத மருந்து

என் வீட்டுக்காரர் விருத்தகிரி உட்கார்ந்தால் ஒரு சட்டிச் சோற்றைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பீங்கான் சூளை நெருப்போடு மல்லுக்கட்டுகிற ஆளின் பசியைக் கேட்கவா வேண்டும்? அந்த மனுஷர்தான் எழுபத்துநாலாம் வருஷம் வயிற்றுப்புண்ணுக்குப் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தபிறகு, இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பாதி வயிறு எடுத்தாச்சும்மா. சாப்பாடு குடலுக்கு எறங்குனா, குடல் ஒரு சுரப்பை ரத்தத்துல விடும். அது மூளைக்குப் போயி 'போதும்'னு சொல்லும். இவருக்கு இனிமே சாப்பாடு சீக்கிரமா குடலுக்கு எறங்கிடும், அந்தச் சேதியும் சீக்கிரமா போயிடும். கொஞ்சங்கொஞ்சமா அடிக்கடி குடுங்க. மொத்தமா சாப்பிட்டா மயக்கம் வரும்."

எனக்குப் புரிந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். ஊருக்கு வந்து என் மாமியார் கொளஞ்சியம்மாளிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொடலு போயி மூளைக்கிட்ட பேசுதா? யாருகிட்டடி கத வுடுற?"

என் வீட்டுக்காரருக்குக் கன்னம் ஒட்டியது, சட்டை தொளதொளத்தது. மாமியார் வாயில் அந்தச் சொல் வந்தது. இடுமருந்து. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் கலந்து வைப்பாளாம். அது குடலில் ஒட்டிக்கொண்டு, பசியைக் கட்டிப்போட்டு, ஆளை உருக்குமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சினிமாவுக்குக் கூட்டிப்போனால் டைட்டில் போடும்போதே தூங்கிவிடுகிற மனுஷரைக் கைக்குள் போட்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

சிரிப்பு நிலைக்கவில்லை. நான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிற பட்டறையில், மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்வோம். ஒருநாள் என் தூக்குவாளிப் பக்கம் யாருமே கை நீட்டவில்லை. "வயிறு சரியில்லக்கா" என்ற வாசுகி, அடுத்தவளின் கருவாட்டுக் குழம்பை வழிய வழிய ஊற்றிக்கொண்டாள். அப்போதுதான் பயம் பிடித்தது.

"இனிமே நீங்களே ஆக்கிப் போடுங்க அத்தை" என்று அடுப்படியை விட்டுக்கொடுத்தேன். மாமியார் ஆக்கிய சோறும் இவருக்கு இரண்டு வாய்தான் இறங்கியது. "உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கறப்ப யாரு ஆக்குனா என்னா?" என்றார். அம்மா வீட்டுக்குப் போய்வரலாம் என்று துணியை மடித்தால், "செஞ்சிட்டு ஓடப் பாக்குறா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். துணியை மறுபடி கொடியில் போட்டேன்.

நல்லூர்ப் பக்கம் இடுமருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தியெடுக்க வைப்பார். மகனை அங்கே கூட்டிப்போக மாமியார் கிளம்பினார். நான் பதறினேன். "தையல் போட்ட வயிறு அத்தை. வேணாம்."

"குட்டு வெளிய வந்துருமுன்னு பயப்புடுறா பாரு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "டாக்டரம்மா சொன்னத நீங்களும்தானே கேட்டீங்க? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

அவர் தரையைப் பார்த்தார். "அம்மா மனசுக்காவ ஒருவாட்டி போயிட்டு வந்துருவோம், நீலாவதி."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். மருந்து எடுத்தபின் அவர் நன்றாகச் சாப்பிட்டால், மருந்து இருந்தது உண்மை, வைத்தவள் நான். சாப்பிடாவிட்டால், அது இன்னும் உள்ளே இருக்கிறது, அப்போதும் வைத்தவள் நான். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழி இல்லை.

சாறு குடித்ததும் அவர் குடலே வெளியே வருவதுபோல் ஓங்கரித்தார். மருந்து எடுக்கிறவர் மூடிய கையை வாந்தியெடுத்த சட்டிக்குள் விட்டுத் துழாவி, கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினார்.

"கையை விரிச்சுக் காட்டிட்டில்ல உள்ள வுட்டுருக்கணும்!" என்று கத்தினேன்.

"வச்சவளுக்குத்தான் இப்பிடி வாய் நீளும்" என்றார் நிதானமாக. என் வீட்டுக்காரர் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சுடச்சுடச் சோறு போட்டார். இவர் சாப்பிட்டார். இரண்டு வாயோடு நிற்கவில்லை. விழுங்க முடியாமல் விழுங்கி, தட்டையே காலி செய்தார்.

"போதுங்க" என்றேன்.

"எம்புள்ள சாப்புடறது பொறுக்கலியாடி?" மாமியார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மருந்து போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஓடினார்.

கொஞ்ச நேரத்தில், டாக்டரம்மா சொன்ன மாதிரியே, என் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் வியர்த்து மயக்கம் வந்தது. நான்தான் தாங்கிப் படுக்கவைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்து விசிறினேன். படபடப்பு அடங்கியதும் தண்ணீர் கேட்டார். எழுப்பி உட்காரவைத்து டம்ளரைக் கொடுத்தேன்.

அவர் குடிக்கவில்லை. டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"நீ மொதல்ல ஒரு வாய் குடி."

மாமியார் சொன்னபோதெல்லாம் கோபம் வந்தது. இவர் சொன்னபோது அழுகைகூட வரவில்லை. வாங்கிக் குடித்தேன். தண்ணீர் இறங்குகிறதா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது. அதன் பிறகுதான் டம்ளரை வாங்கிக் குடித்தார்.