நீலக் குருணை

வெர்லிண்டாவுக்குக் கல்யாணம் நடந்தபோது அவளுடைய மூத்த மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் யாரும் அதை விசேஷமாகப் பேசவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பி வீடுகளில் பலருக்கும் அப்படித்தான். முதலில் குடித்தனம், பிள்ளைகள். சோளமும் ஆள்பலமும் கூடிவரும்போது கல்யாணம். ஆனால் அது நடக்காமல் ஒரு பெண் கண்ணை மூடிவிடக் கூடாது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நெய்து தரும் வெள்ளைப் போர்வையோடுதான் அவள் அந்த உலகத்துக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை எல்டனின் தாய்மாமன் தறியில் உட்கார்ந்துவிட்டார். பதிலுக்குக் குவியல் குவியலாக மாவு அரைத்துக் கொடுப்பது பெண்ணின் கடமை.

அதற்காகத்தான் வின்ஸ்லோவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாமியார் லொரீனாவின் வீட்டில் அரைக்கும் கல்லின் முன் மண்டியிட்டிருந்தாள். நீல மக்காச்சோளம் லொரீனாவின் குலத்துப் பெண்கள் வழிவழியாகக் காத்துவந்த வித்து. சிறிய, கெட்டியான மணி. முதல் கல்லில் உடைப்பதில் வெர்லிண்டாவுக்குச் சிரமமில்லை. நைசாக்குகிற இரண்டாம் கல்லில் அழுத்தினால்தான், பனியில் வழுக்கி முறிந்து ஒட்டிய மணிக்கட்டு சுரீரென்றது. தட்டில் விழுந்தது மாவில்லை, குருணை.

லொரீனாவின் தங்கை ஆர்டித் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, கரண்ட் மெஷின்ல குடுத்துட்டா என்ன? இப்பல்லாம் எல்லாரும் அதானே செய்றாங்க."

"நானே அரைச்சிடறேன் சித்தி."

லொரீனா குருணையை விரலால் அளைந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் துணி போட்டு மூடினாள். இத்தனை வருஷத்தில் அவள் மருமகளைத் திட்டியதும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'வின்ஸ்லோக்காரி' என்பாள், அதுவும் மற்றவர்களிடம். அந்தத் துணியைப் பார்த்ததும் வெர்லிண்டாவுக்கு முகம் சுண்டிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மத்தியானம் தெருவில் கூச்சல் கிளம்பியது. எல்டனின் அப்பாவோடு பிறந்த அத்தைகள், வாளி வாளியாகச் சேற்றோடு வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் மகன் அவர்களுக்குச் செல்லக் காதலன். அவனை எவளோ தட்டிக்கொண்டு போனாள் என்று கல்யாணத்தில் விளையாட்டாகச் சண்டைக்கு வருவது அவர்கள் உரிமை. முன்னால் வந்த வில்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். மூட்டுக்குப் பட்டை கட்டியிருந்தாள்.

"எங்கடி அவ? என் ராசாவ மயக்கினவ! அவன் என்னத்தானே கட்டிக்கிறதா இருந்தான்!"

"உனக்குப் பல்லே நாலுதான் இருக்கு, உனக்கு ராசாவா?" என்று ஆர்டித் ஒரு கை சேற்றை அள்ளி வீசினாள்.

சுவர், கதவு, தலைமுடி எல்லாம் சேறு. வெர்லிண்டாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குள் வில்மா உள்ளே புகுந்து, துணி மூடிய தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எல்லாரும் பாருங்கடி! இது மாவா, கோழித் தீவனமா? கையாலாகாதவள பிடிச்சு வச்சிருக்கா லொரீனா! என் ராசா இத தின்னு கொக்கரிக்கப் போறான்!"

கூட்டம் சிரித்தது. கேலிதான், சம்பிரதாயம்தான். ஆனாலும் வெர்லிண்டாவின் கண் நிறைந்துவிட்டது. சேறு பட்டதுபோல் முகத்தைத் திருப்பித் துடைத்தாள்.

லொரீனா இறங்கி வந்தாள். தட்டைப் பிடுங்கினாள், மறு கையால் சேற்றை வழித்து வில்மாவின் கன்னத்தில் நிதானமாகப் பூசினாள்.

"முறிஞ்ச கையோட அரைச்சிருக்கா மதினி. உன் ராசாவுக்கு அது போதும். வெர்லிண்டா, அடுப்பப் பத்த வை. இவளுக வாய அடைக்கணும்."

மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்காகச் சண்டை போடுவதும் சம்பிரதாயத்தில் சேர்ந்ததுதான். அவள் அதற்காகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா? வெர்லிண்டாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. ஆனால் பெயர் காதில் விழுந்தது.

கொதிக்கிற தண்ணீரில் குருணையைத் தூவிக் கிளறினாள். அழுக்கு ஊதாவாக நிறம் மாறி, பார்க்கவே சகிக்கவில்லை. லொரீனா உப்புச்செடிச் சாம்பல் கரைத்த தெளிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, மழைக்கு முந்தின வானத்தைப்போல நீலம் திரண்டு வந்தது. மாவுக்கூழ் நொடியில் இறுகிவிடும், குருணை அப்படியில்லை. இருவரும் மாற்றி மாற்றி வெகுநேரம் கிளறினார்கள். சோளம் வறுபட்டாற்போல ஒரு மணம் வீடு முழுக்கப் பரவியது.

ஆட்டுக்கறிக் குழம்போடு, சேறு காய்ந்த முகங்களோடு, அத்தைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வில்மா இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினாள்.

"கோழித் தீவனம்னியே?" என்றாள் ஆர்டித்.

"கோழிக்குப் பசிக்குதுடி. போடு." பிறகு வெர்லிண்டாவைப் பார்த்து, குரல் தாழ்த்தி, "பல்லுக்குப் பதமா இருக்கு கண்ணு. கைய ரொம்ப வருத்திக்காத" என்றாள்.

எல்லாரும் போன பிறகு வெர்லிண்டா மறுபடி கல்லுக்கு முன் வந்தாள். இன்னும் எவ்வளவோ சோளம் இருந்தது. போர்வை நெய்கிறவர்களுக்கு மாவுக்குப் பதிலாகக் குருணையைக் கொடுத்தனுப்ப முடியாது. சிரித்துச் சாப்பிட்டதால் வழக்கம் மாறிவிடாது. அவள் உடைக்கத் தொடங்கியபோது லொரீனா முனகியபடி வந்து, இரண்டாம் கல்லின் முன்னால் மண்டியிட்டாள்.

"அத்தை, உங்க முட்டி..."

"நீ உடைச்சுத் தள்ளு. நைசு பண்றத நான் பாத்துக்கறேன்."

வெர்லிண்டா குருணையை அந்தப் பக்கம் தள்ளினாள்.