கதவைச் சீவிய விவகாரம்

"அந்த வரியை அடிங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

"அண்ணே, அந்த வரிதான் நாடகமே. அதை அடிச்சுட்டா அப்புறம் மேடையில கதவு மட்டும்தான் மிஞ்சும்."

"மிஞ்சட்டும். கதவு நான் செஞ்சது."

தச்சர் குரலை உயர்த்தியதில் பஞ்சுக் கிடங்கின் தகரக் கூரையே ஒரு தரம் முனகியது. நூலகர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பாவம், மாற்றலாகி வந்தவர். பேப்பர் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் மீதிப்பேரின் முகத்தில் விழிப்பதில்லை, ஒருவர் எழுந்து போன பிறகுதான் இன்னொருவர் உள்ளே நுழைகிறார் என்பதை வந்த சூட்டிலேயே கவனித்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டால் ஊர் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கே படித்தாரோ, பூட்டிக் கிடந்த கிடங்கைப் பெருக்கி ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். கதையும் எளிதுதான். சண்டையில் பிரிந்த தம்பி, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி "தப்பு என்மேலதான்" என்கிறான். தம்பியாகத் தச்சரையும் அண்ணனாக அவருடைய மச்சானான மோட்டார் மெக்கானிக்கையும் போட்டார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரியாமல் போடவில்லை, தெரிந்தேதான் போட்டார். படித்தவர்களுக்கு இப்படி ஒரு துணிச்சல் உண்டு.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு," என்றார் மெக்கானிக், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற தச்சரைப் பார்க்காமலே. "அவர் தப்புன்னு சொன்னாத்தான் எனக்குச் சோறு இறங்கும்னு ஒண்ணும் இல்லை."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு. நாடகத்துல சொன்னாலும் ஊர் காதுல விழத்தான் செய்யும்," என்றார் தச்சர்.

"சொல்லியாச்சு. இந்தப் பக்கமும் சொல்லியாச்சு," என்றாள், நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். தச்சருக்கு மனைவி, மெக்கானிக்குக் கூடப்பிறந்த தங்கை. நாடகத்தில் வசனம் மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை அவளுக்கு. ஊரில் அவளுக்குத் 'தந்தி' என்றே பெயர்.

பெயர் வந்த கதை இது. மெக்கானிக் பக்கத்திலேயே வீடு கட்டியபோது வாசல் கதவைத் தச்சர் செய்துகொடுத்தார். மழைக்கு மரம் ஊதிக் கதவு இறுகியது. மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லாமல் வேற்றூர்த் தச்சன் ஒருவனைக் கூட்டிவந்து கதவைச் சீவிவிட்டார். மரம் ஊதியது தச்சருக்கு வருத்தமில்லை, அது மரத்தின் குணம். தன் கதவில் இன்னொருவனின் இழைப்புளி ஏறியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் தண்ணீர் நிற்குமா? இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. மோட்டார் அண்ணன் பக்கம், தொட்டி புருஷன் பக்கம். "போடச் சொல்லு", "நிறுத்தச் சொல்லு" என்று நாள் முழுக்க இவள் வேலியோரம் நடந்தபடியே இருந்தாள். ஒருமுறை சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினால் முற்றம் முழுக்கக் குளம். தொட்டி வழிவதை இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சிநேகிதிதான் இப்போது தொலைவில் ஒரு ஊரில் தையல் பள்ளி நடத்துகிறாள். "சொல்லிக்கொடுக்க வா. மாசக் கடைசிக்குள்ள சொல்லு, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்," என்றிருந்தாள். கேட்ட நாளிலிருந்து தந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வாசலைப் பெருக்கிவிட்டுத் துடைப்பத்தைச் சாத்துவாள். மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், வரும் பஸ்ஸை எல்லாம் பார்த்துவிட்டு, ஏறாமல் திரும்புவாள். புருஷனிடம் கேட்டதற்கு, "போயேன், யாரு வேணாம்னா? மோட்டாருக்கு என்ன பண்றதுன்னு உங்கண்ணன்கிட்ட கேட்டுட்டுப் போ," என்றார். அண்ணனும் அதே பதிலைத்தான் சொன்னார், கேள்வி மட்டும் எதிர்த்திசையில்.

கடைசியில், அந்த வரியைக் காதோடு காதாகச் சொன்னால் போதும் என்று நூலகர் இறங்கிவந்தார். தச்சரும் தலையாட்டினார்.

நாடகத்தன்று சாயங்காலம் கிடங்கு நிரம்பியது. யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பதற்கேற்ப நாற்காலிகளை நகர்த்தவே கொஞ்ச நேரம் போயிற்று. தச்சர் மேடையேறிக் கதவைத் தட்டினார். மெக்கானிக் திறந்தார். தச்சர் வாயைத் திறந்தார், மூடினார்.

பிறகு ஓரக்கண்ணால் திரைமறைவைப் பார்த்தார். "சொல்லு."

தந்தியின் மடியில் வசனத்தாள் விரிந்துதான் கிடந்தது. வரியும் கண்ணெதிரே இருந்தது. எடுத்துக்கொடுத்தால் இன்றைக்கும் இவள் வாய்தான், நாளைக்கும் இவள் வாய்தான். மாதமோ முடியப் போகிறது. தாளை மடித்து உட்கார்ந்த இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் மறந்துட்டாரு, எடுத்துக்கொடு," என்றார் மெக்கானிக், பழக்க தோஷத்தில் சத்தமாகவே.

"எதிர்லதானே நிக்கிறாரு. நீங்களே கேளுங்க."

கிடங்கு முழுக்கக் கேட்டது. நூலகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கேட்டா மட்டும் பதில் வந்துடுமா?" என்றார் மெக்கானிக், கூரையிடம்.

"கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்," என்றார் தச்சர். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. இனி நிறுத்துவதில் பிரயோசனமில்லை. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து சீவியிருக்க மாட்டேனா மச்சான்?"

"மழையில நனைஞ்சுகிட்டு வாசல்லயே நிக்கிறேன் மாப்பிள்ளை, நீங்க வெளியூர்ல வேலையா இருக்கீங்க. ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கச் சொல்றீங்களா?"

"குதிச்சிருந்தா என்ன? உடம்பாவது இளைச்சிருக்கும்."

சிரிப்பில் கிடங்கு குலுங்கியது. அந்த உற்சாகத்தில் பால்காரர் எழுந்தார். "கதவு மட்டுமா? எங்க வீட்டுக்கு இவர் செஞ்ச அலமாரியும் இழுத்தா வராது." பின்னாலேயே இன்னொருவர் ஜன்னலைப் பற்றி, வேறொருவர் கட்டில் காலைப் பற்றி. ஜென்மத்தில் பேசாத ஆட்கள் எல்லாம், "உங்க வீட்டுலயுமா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் மேடை விளிம்புக்கு வந்தார். "யோவ் பால்காரரே, உக்காரும். என் மாப்பிள்ளை வேலையை நான் குறை சொல்வேன். நீர் யாரு சொல்ல? பாலைவிடத் தண்ணி அதிகமா ஊத்துற ஆளு."

தச்சர் மச்சானைப் பார்த்தார். அப்புறம் கதவைப் பார்த்தார். "தப்பு என்மேலதான்" என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. "நாளைக்கு வந்து பாக்கறேன்," என்றார். நூலகர் அவசரமாகத் திரையை இழுத்தார். ஊர் ஒன்றுசேர்ந்தது என்று பிறகு மேலிடத்துக்கு எழுதினாராம். தச்சருக்கு எதிராகத்தான் சேர்ந்தது என்பதை எழுதியிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் வேலிக்கு மேலே, "மச்சான், மோட்டாரை நிறுத்துங்க," என்று ஒரு சத்தம். "காது கேக்குது, கத்தாதீங்க," என்று பதில் சத்தம். தந்தி அடுப்படியில் நின்று இரண்டையும் கேட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பெட்டியை எடுத்தாள்.

மாதம் முடியும் முன்பே தையல் பள்ளிக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. நூலகர் அடுத்த மாற்றலில் போகும்போது, நாடகத்துக்குப் பவுடர் பூசிவிட்ட மருந்துக்கடைப் பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போனார். ஒத்திகைக்கு எதற்குத் தினமும் பவுடர் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். தச்சர் தனியே சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார், முடியவில்லை. மழைக்காலம் கழிந்ததும் பட்டறையைக் கட்டிக்கொண்டு மனைவி இருக்கும் ஊருக்கே குடிபோனார். அவர் காலி செய்த வீட்டில் இப்போது பால்காரரின் மகன், புதுப் பெண்டாட்டியோடு வாடகைக்கு இருக்கிறான்.