என் வீட்டைச் சுற்றி வளைந்த கோடு

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கிறிகோரி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் இத்தாலியின் பலேர்மோ நகர வரைபடத்தை விரித்தான். அவன் என் காலஞ்சென்ற மனைவியின் தம்பி. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவன். சங்கத் தேர்தலுக்காக அவனுடைய நிர்வாகம் வட்டாரங்களைப் புதிதாகப் பிரித்திருந்தது. கபோ வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கை முழுக்க, யுத்தம் முடிந்தபின் வந்த வன்னிச் சனம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கபோவின் பிரதிநிதி நான்தான். இம்முறை அவர்களுடைய வேணுகா என்னை வென்றுவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் சிவப்புக் கோடு அந்த ஒழுங்கையை மூன்றாக வெட்டியிருந்தது. ஒரு துண்டு பக்கத்து வட்டாரமான வுச்சீரியாவோடு, ஒன்று எங்கேயோ கிடக்கிற ஒரேத்தோவோடு, மிச்சம் கபோவில். எந்தத் துண்டிலும் அவர்கள் வெல்ல முடியாது.

ஒரேத்தோவுக்குப் போன துண்டில் மட்டும் கோடு முழங்கை போல மடங்கி, ஒரு வீட்டைச் சுற்றித் திரும்பியது. அது என் வீடு.

“உங்களைக் கபோவிலையே விட்டிருக்கிறன், அத்தான்,” என்றான்.

வேணுகாவின் ஆட்கள் வக்கீலிடம் போயிருந்தார்கள். பொதுக்கூட்டம் கூட்டாமல் வட்டாரத்தை மாற்றியது சங்கத்தின் யாப்புக்கு மாறானது. என்னைப்போலச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவராவது கையெழுத்திட்டால் வழக்குக்கு வலு வரும். நான் அதில் கையெழுத்து வைக்கக்கூடாது என்று கேட்கத்தான் கிறிகோரி வந்திருந்தான். குடும்ப மானத்தை இத்தாலியன்ரை கோர்ட்டிலே ஏற்றுவதா என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

மானத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அவன் யார்? தோற்றவன் நிமிர்ந்து நடக்கலாம். ஒழுங்கை முழுவதையும் வெட்டிய கோடு என் வாசலில் மட்டும் வளைந்தால், இந்தச் சூசைப்பிள்ளை கேட்டு வாங்கிய வளைவு என்றுதானே சனம் கதைக்கும்? என் பேரப்பிள்ளைகள் அந்தச் சனத்தின் முகத்தில்தான் விழிக்கவேண்டும்.

“மாமி இருந்தா தம்பியை விட்டுக்குடுத்திருக்கமாட்டா, மாமா,” என்றாள் தேநீரோடு வந்த மருமகள் நிசாந்தி.

“அவ இருந்தா, இந்தப் படத்தைப் பாத்திட்டு இவனுக்குத் தேத்தண்ணியே குடுத்திருக்கமாட்டா.”

கிறிகோரி தேநீரைத் தொடாமல் எழுந்து போனான்.

மறுநாள் காலை, வழக்கில் கையெழுத்து வைக்க, கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வேணுகா தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு வந்து நின்றாள். பின்னால் ஒழுங்கைச் சனம்.

“ஐயா, வழக்கு வெண்டாலும் நான் உங்களுக்கு எதிராத்தான் நிப்பன்.”

“நில்லும். நான் ஒண்டும் சும்மா விட்டுத்தர வரேல்லை. வோட்டிலை வெண்டு காட்டும்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஓம் ஐயா,” என்றாள்.

கபோச் சந்தை முடிகிற பழைய கல் வாசலைத் தாண்டினால் நீதிமன்றம். வாசலில் கிறிகோரி நின்றான்.

“இதைத் தாண்டினியளெண்டா, அக்கான்ரை ஆண்டுப் பூசைக்கும் உங்கடை வாசல் மிதிக்கமாட்டன்.”

“உன்ரை விருப்பம், தம்பி.”

அவன் விலகவில்லை. மீன்காரன் ஒருவன் பலகையைக் கழுவி, செதிலும் இரத்தமுமான தண்ணீரை வாசல் கற்களில் வீசி ஊற்றினான். கிறிகோரி காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு துள்ளி ஒதுங்கினான். நான் அந்தத் தண்ணீருக்குள்ளாலேயே நடந்தேன். எனக்குப் பின்னால் சளக் சளக்கென்று கால்கள் வந்துகொண்டேயிருந்தன.