விடுமுறை வாரத்துக் கறுப்புப் பிளேட்

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

அச்சு இயந்திரம் சொன்ன பேச்சுக்கு உடனே நிற்கிற ரகமில்லை. முனகியது, இழுத்தது, இன்னும் ஏழெட்டுத் தாள்களைத் துப்பியது, அப்புறம்தான் ஓய்ந்தது. மூன்று மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்ததில் அவளுக்கு மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது. தோளில் பயணப் பை. ஒரு கையில் கோட்டு. இன்னொரு கையில் கசங்கிய அச்சுத் தாள்.

"என்ன ஆச்சு?" இயந்திரத்தின் அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார் ஃபோர்மேன். அவள் கணவர்.

"வியாழக்கிழமையைப் பாருங்க."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நிதானமாகத் தாளை வாங்கினார். நிதானம் அவர் கூடப் பிறந்தது. தலைக்கு மேல் கூரை எரிந்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் அண்ணாந்து பார்ப்பார்.

"புதன்கிழமை போட்ட வரியே வியாழக்கிழமையும் இருக்கு" என்றாள். "எவ்வளவு ஓடியிருக்கு?"

"நாலாயிரம்."

அவள் கோட்டைக் காகிதக் கட்டின் மேல் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். மணி இரண்டு ஐந்து. ரயில் மூன்று நாற்பதுக்கு.

அது நாள்காட்டி அச்சடிக்கும் கம்பெனி. தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டி. ஒவ்வொரு தாளின் அடியிலும் உற்சாகமாக ஒரு வரி இருக்கும். காலையில் பல் துலக்கியபடி கிழிக்கிறவன் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போகவேண்டும், அதுதான் கணக்கு. பன்னிரண்டு வருஷமாக அந்த முந்நூற்று அறுபத்தைந்து வரிகளையும் எழுதி, பிழை பார்த்து, கையெழுத்துப் போடுகிறவள் அவள். அதனால் கம்பெனியில் அவளுக்கு 'வரியக்கா' என்று பேர். வருமான வரியா, வீட்டு வரியா என்று புதிதாகச் சேருகிறவன் தவறாமல் கேட்பான். அவளும் முதல் தடவை கேட்பதுபோலவே சிரிப்பாள்.

இலையுதிர் கால விடுமுறை வாரத்துக்கு மட்டும் தனிச் சலுகை. ஏழு நாளும் ஒரே பெரிய தாளில், முழு வண்ணத்தில், செம்மஞ்சள் இலைகள் பறக்க அச்சாகும். நிறத்துக்கு ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு; எழுத்தெல்லாம் கறுப்புப் பிளேட்டில் வரும். ஏழு நாளைக்கும் ஏழு குதூகல யோசனை. அடுத்த வருஷ நாள்காட்டியில் கடைசியாக ஓடுவது அந்தத் தாள்தான். அது ஓடி முடித்ததும் கம்பெனிக்கே ஒரு வாரம் விடுமுறை.

ஊரையே குடும்பத்தோடு குதிக்கச் சொல்லி எழுதுகிறவள் தன் குடும்பத்தோடு ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. ஆறு வருஷமாக இதே கதைதான். கடைசி நாள், கடைசித் தாள், அதில் அவள் கோட்டைவிட்ட ஒரு பிழை. திரும்ப ஓட்டவேண்டும். ஓட்ட அவர் இருக்கவேண்டும், மிஷின் சர்வீஸும் சேர்த்து ஒரு வாரமாகும் என்பார். அவளும் மகளும் மட்டும் ரயிலேறுவார்கள். அவளுக்கு ஒரு மெமோ.

இந்த வருஷம் விடுவதாயில்லை என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் அறை, மூன்று பேருக்கு. மூன்று டிக்கெட், ஜன்னலோரம். மகளுக்கு ஒன்பது வயதாகிறது. பள்ளிக்கூடத்தில் 'விடுமுறையில் நாங்கள்' என்று படம் வரையச் சொன்னால் இரண்டு பேரைத்தான் வரைகிறாள்.

மேனேஜர் வந்துவிட்டார். இயந்திரம் நின்றால் அவருக்கு எந்த மூலையில் இருந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"'இன்று குடும்பத்தோடு குதியுங்கள். முழங்காலை நாளை பார்த்துக்கொள்ளலாம்.' சரி. மறுநாளும் அதேதானா? ரெண்டு நாள் சேர்ந்தாப்ல குதிச்சா வாங்கினவனுக்கு முட்டி கழண்டுடும்மா!"

"சார், நான் நேத்தே திருத்திக் கொடுத்தேன்."

"போன வருஷமும் இதைத்தானே சொன்னீங்க? அதுக்கு முந்தின வருஷமும்? கையெழுத்து யாருது? என்னுதா? எங்க மாமனாருதா?"

"சார், விடுங்க." ஃபோர்மேன் நடுவில் புகுந்தார். "மனுஷங்கதானே, கண்ணு தப்பும். நான் இருந்து பிளேட்டை மாத்தி ஓட்டிக் கொடுத்துட்டுப் போறேன்."

"உங்க முகத்துக்காகத்தான் பார்க்கிறேன்" என்றார் மேனேஜர். "பொண்டாட்டி பண்ற தப்புக்கு வருஷா வருஷம் நீங்க லீவைத் தொலைக்கிறீங்க. ஆனா இதுதாம்மா கடைசி. விடுமுறை முடிஞ்சு வந்ததும் வரி எழுதுறதுக்கு வேற ஆள் பார்க்கணும். நீங்களே எனக்கு ஒரு உற்சாகமான வழி சொல்லுங்க."

அவர் போய்விட்டார். ஃபோர்மேன் மனைவியின் கோட்டை எடுத்து, ஒட்டியிருந்த காகிதத் தூசியைத் தட்டி, அவள் தோளில் போட்டார்.

"நீயும் பாப்பாவும் கிளம்புங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதே."

"எல்லாம் என்னால..."

"சரி விடு. நான் ஏதாவது சொன்னேனா?"

சொன்னதே இல்லை. அந்த மனுஷர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அதுதான் அவளை அறுக்கும். சாப்பாட்டு மேஜையில் வரிகளை அவரிடம்தான் முதலில் படித்துக் காட்டுவாள். 'ம்' என்றால் அந்த வரி பாஸ். சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒன்று ஒட்டுவாள், அவருடைய சாப்பாட்டு டப்பா மூடிக்குள் ஒன்று, ஷூவுக்குள் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்'. அப்படிப்பட்டவருக்கு ஒரு வாரம் சந்தோஷம் கொடுக்கத் துப்பில்லையே என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆறு வருஷமும் அழுதிருக்கிறாள்.

வாசல் காவலாளி அறையில் மகள் மூட்டை முடிச்சுகளின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தனியாக வருவதைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தினாள்.

"அப்பா வரலை. அதானே?"

"அது வந்து கண்ணு..."

"இந்தத் தடவை என்ன தப்பும்மா பண்ணினே?"

குழந்தை கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மழை வருமா என்று விசாரிப்பதுபோலக் கேட்டது.

தாயின் கை தன்னையறியாமல் கைப்பேசியை எடுத்தது. இந்த வருஷம் அவள் புதிதாக ஒரு காரியம் செய்திருந்தாள். கையெழுத்துப் போட்ட சரிபார்ப்புத் தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். பிளேட் தயாரானதும் அந்தத் தாள் குப்பைக்குப் போய்விடும். அதனால் ஒரு வருஷமும் அவளிடம் சாட்சி இருந்ததில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். வியாழக்கிழமை. சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் அவள் கையால்: 'உதிர்ந்த இலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை தப்பினால் மறுபடி எண்ணுங்கள். விடுமுறைதானே!' அடியில் கையெழுத்து.

திருத்தியிருக்கிறாள்!

பிளேட் போடுகிறவரை அழைத்தாள். காலையிலேயே லீவில் போனவர். பின்னணியில் பேருந்து ஹாரனும், யாரோ பையைக் காணோம் என்று கத்துவதும் கேட்டது.

"தம்பி, விடுமுறை வாரத்துக் கறுப்புப் பிளேட்டுல என் திருத்தம் ஏறலையா?"

"ஏறாம என்னக்கா? நேத்தே புதுசு போட்டு மிஷின் பக்கத்துல வச்சுட்டுத்தானே வந்தேன். எலையை எண்ணுங்கன்னு வரும். எங்க வீட்டுக்காரிகூட அதைக் கேட்டுச் சிரிச்சா."

"அப்போ தப்பான முதல் பிளேட்?"

"அதுவா? தப்பான பிளேட்டைக் குறுக்கே கீறிட்டுத்தான் கழிக்கணும். ஃபோர்மேன் அண்ணன்தான் கீறாதேடா, அலமாரித் தட்டுல விரிக்க நல்லாருக்கும்னு வாங்கிட்டுப் போனாரு. வருஷா வருஷம் வாங்குவாரேக்கா, உங்களுக்குத் தெரியாதா?"

அவள் வீட்டு அலமாரித் தட்டுகள் கண்முன் வரிசையாக வந்தன. சமையலறையில் நாலு, படுக்கையறையில் மூன்று. ஏழிலும் விரித்திருப்பது பழைய செய்தித்தாள்.

"தம்பி, இன்னொண்ணு. பிளேட்டை மாத்தித் திரும்ப ஓட்டினா எத்தனை நாளாகும்?"

"நாளா?" அவர் சிரித்தார். "மூணு மணி நேரம்க்கா."

"மிஷின் சர்வீஸும் சேர்த்து ஒரு வாரம்னு..."

"சர்வீஸ் எல்லாம் வேற மாசம். விடுமுறை வாரத்துல அங்கே எலிகூட இருக்காது. சாயங்காலமே மெயின் கரன்டைக் கட் பண்ணி, கேட்டைப் பூட்டி, சாவியை மேனேஜர் எடுத்துட்டுப் போயிடுவாரு. ஏன்க்கா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லை. நீங்க பையைத் தேடுங்க."

மாடியில் இருக்கிறவளுக்குக் கீழ்த்தளத்துச் சமாச்சாரம் எப்படித் தெரியும்? அதுவும் ஆறு வருஷமும் மின்சாரத்தை நிறுத்துகிற நேரத்தில் அவள் ரயிலில் இருந்திருக்கிறாள். ஏரிக்கரையிலிருந்து பேசினால் 'வேலையா இருக்கேன், வைக்கிறேன்' என்பார். ஒரு தடவைகூடப் பின்னால் மிஷின் சத்தம் கேட்டதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நகராம இங்கேயே இரு" என்று மகளிடம் சொன்னாள். "அஞ்சு நிமிஷம்."

தொழிலாளர்கள் உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. வரிசையாகத் தகர அலமாரிகள். அவருடையது கடைசி. பூட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். பூட்டவில்லை. மனைவி அந்த அறைப்பக்கம் வரமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மாற்றுச் சட்டை. சோப்பு. சட்டைக்குப் பின்னால், அலமாரியின் முதுகோடு ஒட்டினாற்போல், செய்தித்தாள் சுற்றிய அகலமான அலுமினியத் தகடு. ஒரு ஓரத்தைக் கிழித்தாள். வியாழக்கிழமை. உதிர்ந்த இலைகளை எண்ணுங்கள்.

அவள் கால்கள் தரையில் வேர்விட்டன. யார் வந்து பிடுங்கினால் நகரும் என்று தெரியவில்லை. பிறகு அவளே பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

ஃபோர்மேன் மை உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலிருந்த மேஜையில் தகட்டை வைத்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று சொல்லவில்லை. அவருக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான்.

"சரியான பிளேட் கிடைச்சுடுச்சு. மாட்டிடுங்க. மீதியை அடுத்த ஷிஃப்ட்காரர் ஓட்டிக்குவார், நான் கேட்டுக்கிறேன். மணி ரெண்டரைதான் ஆகுது. ரயிலைப் பிடிச்சுடலாம். வாங்க."

அவர் தகட்டைப் பார்த்தார். கிழிந்த செய்தித்தாளைப் பார்த்தார். துணியை நான்காக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நீ போயிட்டு வா" என்றார்.

"மேனேஜர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்."

"ஆறு மெமோங்க! தூக்கத்துலகூடப் பிழை பார்த்திருக்கேன். கண்ணு கெட்டுப்போச்சோன்னு டாக்டர்கிட்டப் போனேன். நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. பக்கத்துல உட்கார்ந்து, கண்ணாடி மாத்தணுமான்னு நீங்கதான் அவரைக் கேட்டீங்க!"

அவர் மடித்த துணியை மேஜை ஓரத்தில் வைத்தார்.

"'என்ன தப்பும்மா பண்ணினே'ன்னு குழந்தை கேக்குறா. அதைக் கேக்குறதே அவளுக்குப் பழகிப்போச்சு. நல்லவர் மாதிரி என் கோட்டைத் தட்டிக் கொடுத்தீங்களே, கை கூசலையா?"

"கூசிச்சு" என்றார், தரையைப் பார்த்து.

வாசலிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா! வாடகை வண்டி வந்துடுச்சு! ரெண்டு பேரா, மூணு பேரான்னு அவர் கேக்குறார்!"

அவள் திரும்பவில்லை. கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த கேள்வி தானாக வாயில் வந்து நின்றது. அதற்கு ஒரு பதில் இருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஒரு பேர், ஒரு முகம், ஒரு தெரு. திட்டுவதற்கு ஒரு ஆள்.

"அந்த ஏழு நாளும் எங்கே இருப்பீங்க?"

"வீட்லதான்."

"நம்ம வீட்லயா? நம்ம வீட்டுக்கேவா?" அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "யார் வர்றா? சொல்லுங்க. யாரு அவ?"

ஃபோர்மேன் நிமிர்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக 'ம்' என்பதற்கு மேல் ஏதோ சொல்லப்போகிறவர்போல உதட்டை நனைத்துக்கொண்டார்.

"யாரும் வரமாட்டாங்க" என்றார். "கதவைச் சாத்திக்குவேன். கண்ணாடியில இருக்கிற சீட்டையெல்லாம் எடுத்துடுவேன். டீ போட்டு, ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து குடிப்பேன். ஏழு நாளும் அவ்வளவுதான். யாருமே இல்லாம இருக்கணும், அதுக்குத்தான்."