ஐம்பது பவுண்டு காற்று

குளிப்பாட்டும் பலகையைக் கொல்லையில் இறக்க வந்த பெண்கள் நால்வரையும் ஷபீ அஹமது கைகளை விரித்து மறித்தார்.

“அங்க போகாதீங்க. காத்து ஏத்தி இருக்கு.”

எலுமிச்சை மரத்தடியில், செங்கற்களுக்கு நடுவே பதித்த பிளாஸ்டிக் குழாயின் மேல், இரண்டு லிட்டர் சோடா பாட்டில் ஒன்று தலைகீழாக நின்றது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். பக்கவாட்டில் அட்டையில் வெட்டி ஒட்டிய மூன்று துடுப்புகள். காலை ஏழு மணிக்கு அவர் மனைவி அம்பரீன் அதற்குக் காற்றடித்தாள். பள்ளியில் மாணவிகளுக்குக் காட்டும் எதையும் முதலில் வீட்டில் ஏவிப் பார்ப்பது அந்த இயற்பியல் ஆசிரியையின் வழக்கம். பம்பைக் கீழே வைத்தவள், நெஞ்சை அடைக்கிறது என்று உள்ளே வந்து படுத்தாள். மருத்துவர் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது மணி பதினொன்று. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம். பழைய கம்பிரசரிலிருந்து கழற்றி மாட்டிய பெரிய மீட்டரில் முள் இன்னும் ஐம்பது பவுண்டிலேயே நின்றது. பாட்டிலின் கழுத்தில் அவள் போட்ட ரப்பர் வளையங்கள் கசிவதில்லை.

“தண்ணிக் குழாயும் இங்கதான், மறைப்பு கட்டுற கம்பியும் இங்கதான்” என்றாள் அவருடைய அக்காள் ரஃபத் ஜஹான். குளிப்பாட்டும் பெண்களுக்கு அவளே தலைமை. “அத தூக்கி ஓரமா வை, ஷபீ.”

“தூக்கக் கூடாது ஆபா. பத்து மீட்டருக்குள்ள யாரும் போகக் கூடாது.”

“யார் சொன்னது?”

அம்பரீனைக் கிடத்தியிருந்த கூடத்தின் பக்கம் அவர் பார்த்தார்.

காலையில், அம்பரீனின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்க நீண்ட அவருடைய கையை அக்காள்தான் மெல்லப் பிடித்து இறக்கினாள். முகத்தைப் பார்க்கலாம், தொடக் கூடாது. இறந்த மனைவியைக் கணவன் குளிப்பாட்டுவதும் இல்லை. அவர்கள் வழியில் அதுதான் சட்டம். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அவளுக்குத் தன் கையால் ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து அந்த வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தார். எல்லா வேலைக்கும் ஆள் இருந்தது.

பக்கத்து வீட்டுச் சீனிவாசன் பஞ்சர் கடைக்காரர். மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

“குச்சியில ஊசியக் கட்டிக் குடுங்க பாய், குத்திடறேன். புஸ்ஸுனு போய்டும்.”

“டியூப் இல்ல சீனி, பாட்டில். குத்துனா கிழிஞ்சிக்கினு சிதறும்னு சொல்லுவா.”

“அப்ப வால்வை அமுக்குங்க.”

“வால்வு பாட்டிலுக்கு ஒரு சாண் கீழ இருக்கு. மூஞ்சிய அங்க கொண்டு போணும்.”

“பின்ன இன்னாதான் பண்றது?”

“விடணும்.”

ரஃபத் ஜஹான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “மையத்து வீட்ல ராக்கெட் விடுவியா? ஜனங்க இன்னா பேசுவாங்க?”

“குளிப்பாட்டும்போது அது கிளம்பி யார் மேலயாவது அடிச்சா அவ பேசுவா, ஆபா.”

“பேசுவா” என்றாள் ரஃபத் ஜஹான், சற்று யோசித்து. “நிறுத்தவும் மாட்டா. சீக்கிரம் விடு.”

பாட்டிலை விடுவிக்க இழுக்கும் அந்தக் கயிற்றை இருபத்தாறு ஆண்டுகளில் அவர் தொட்டதில்லை. பின்வாசலில் நின்று, சந்தில் வரும் ஆடுகளையும் ஆட்களையும் தடுப்பதே அவர் பொறுப்பு. ‘உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி’ என்பது அம்பரீனின் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. இன்று அந்த இடத்துக்குச் சீனிவாசனை அனுப்பினார். பெண்களைச் சமையலறைக்குள் நிறுத்தினார். அம்பரீனின் பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்தார். அதன் பட்டை அவள் தலைக்கு அளவெடுத்தது, இறுக்கியது. அவர் அதைத் தளர்த்தவில்லை.

“எண்ணணும் பாய்!” என்றார் சீனிவாசன் சந்திலிருந்து. “சத்தமா! டீச்சர் எண்ணுனா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.”

“அஞ்சு” என்றார். கூடத்தில் ஓதிக்கொண்டிருந்த குரல்கள் நின்றன. “நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு.”

கயிற்றை இழுத்தார். பாட்டில் பின்னே வெண்ணிறமாய் நீரை உமிழ்ந்தபடி மரத்தைத் தாண்டியது. மாடித் தொட்டியைத் தாண்டியது. ஒரு கணம் அசையாமல் நின்று, பின்புறக் காலி மனையில் போய் விழுந்தது.

“இவ்ளோ உயரமா போவும்?” என்றாள் ரஃபத் ஜஹான். “ஒரு நாளாவது என்னைக் கூப்ட்டாளா அவ?”

“கூப்ட்டா ஆபா. நீங்கதான் பேஜார்னு வரல.”

அவள் பெண்களைக் கொல்லைக்கு அழைத்தாள். செங்கற்களை அகற்றினார்கள், பலகையை இறக்கினார்கள், கம்பியில் இரண்டு போர்வைகளைக் கோத்து மறைப்புக் கட்டினார்கள்.

“நீ கூடத்துல போய் உக்காரு.”

“வெந்நீர் யார் கொண்டாறது?”

“பொம்பளைங்க இருக்காங்க.”

“மறைப்பு வரைக்கும் நான் கொண்டாரலாம் இல்ல?”

ரஃபத் ஜஹான் யோசித்தாள். அதற்குத் தடை எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

“வரைக்கும்தான். வச்சிட்டு தள்ளி நில்லு. தண்ணி இந்தப் பக்கம்தான் ஓடி வரும்.”

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய நீரை விளாவினார். சூடு கம்மியாகிவிடுமோ என்று வெந்நீர் கொஞ்சம் சேர்த்தார். அதிகமோ என்று பச்சைத் தண்ணீர் கொஞ்சம். வாளியைப் போர்வையின் ஓரத்தில் வைத்தார். உள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. அடுத்த வாளி, அதற்கடுத்தது. உள்ளே பெண்கள் தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டே நீர் ஊற்றும் ஒலி கேட்டது.

ஐந்தாவது வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். போர்வைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வந்து, அவருடைய வெறுங்கால்களைச் சுற்றித் தேங்கியது. அவர் நகரவில்லை.